தமிழ் முசுலிம் சமூகத்தில் பண்பாட்டுக் கொள்கையும் விழுமிய உருவாக்கமும்

தமிழ் முசுலிம் சமூகத்தில் பண்பாட்டுக் கொள்கை என்பது தமிழ் பேசும் முசுலிம்களிடையே மொழி, கல்வி, வழிபாடு, திருமணம், சொத்துரிமை, கலை ஆகியன எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வகுத்து வந்த ஏற்பாடுகளின் தொகுதி ஆகும். இவ்வேற்பாடுகளுட் சில சட்டமாக எழுதப்பட்டவை. பெரும்பாலானவை எழுதப்படாதவை. ஊர் ஜமாஅத், அரபுக் கல்லூரி, வள்ளல்கள் நிறுவிய கல்விச் சாலை, அச்சகம், இதழ், நீதிமன்றம், சட்டமன்றம் எனப் பல இடங்களில் இவை உருவாயின.

இசுலாமிய நாடுகளின் பண்பாட்டுக் கொள்கை பற்றிய நூல்கள் பெரும்பாலும் அரசையே நடுவாகக் கொண்டு எழுதப்படுகின்றன. தமிழ்நாட்டிலோ முசுலிம்கள் சிறுபான்மையினர். இங்கு ஒரு விழுமியத்தை நிலைநாட்ட விரும்பியவர்கள் ஆணையிட முடியாது. இணங்கச் செய்யவே முடிந்தது. இவ்வேறுபாடே இத்துறையைத் தனியே ஆராயத் தக்கதாக்குகின்றது.

சொற்பொருள்

பண்பாட்டுக் கொள்கை என்னும் தொடர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் அவையின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் (யுனெஸ்கோ) வழியாகப் பரவியது. கலைகளைப் பேணுதல், மரபுச் சின்னங்களைக் காத்தல், மொழியை வளர்த்தல் முதலியவை தொடர்பாக அரசு எடுக்கும் முடிவுகளை அது குறிக்கின்றது. இசுலாமிய நாடுகள் 1980களில் மொரோக்கோவின் இரபாத் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இதையொத்த அமைப்பொன்றை நடத்தத் தொடங்கின. அவ்வமைப்பு உருவாக்கிய இசுலாமிய உலகுக்கான பண்பாட்டு உத்தி, 1991 இல் செனகல் நாட்டின் டக்கார் நகரில் கூடிய இசுலாமிய உச்சி மாநாட்டில் ஏற்கப்பட்டது.

நாடுகளின் நடைமுறைகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. துருக்கி 1924 இல் சமய அலுவல்களுக்கென ஓர் அரசுத் துறையை நிறுவியது. 1932 முதல் 1950 வரை அங்குப் பாங்கொலி அரபியில் அன்றித் துருக்கி மொழியிலேயே ஒலிக்க வேண்டியிருந்தது. ஈரானில் 1979 புரட்சிக்குப் பின் பல்கலைக்கழகங்கள் 1980 இல் மூடப்பட்டுப் பாடத்திட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டன. துனீசியா 1956 இல் குடும்பச் சட்டத்தைத் திருத்திப் பலதார மணத்தைத் தடை செய்தது. சவூதி அரேபியா பல பத்தாண்டுகளாக மூடியிருந்த திரையரங்குகளை 2018 இல் மீண்டும் திறந்தது. அரசு நினைத்தால் ஒரு தலைமுறைக்குள் வெளித்தோற்றத்தை மாற்றிவிட முடியும் என்பதற்கு இவை சான்றுகள். உள்ளத்தில் பதிந்த விழுமியம் அதே விரைவில் மாறுகின்றதா என்பது வேறு கேள்வி. துருக்கியில் தடை நீங்கியவுடன் அரபிப் பாங்கொலி திரும்பியதை இங்கு நினைவுகூரலாம்.

வள்ளல்களும் புலவர்களும்

தமிழ்நாட்டில் இப்பணியை முதலில் ஏற்றவர்கள் வணிகரும் புலவருமே ஆவர். முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இசுலாமிய நூல்களுட் பழமையானதாகக் கருதப்படும் ஆயிர மசலா 1572 இல் வண்ணப் பரிமளப் புலவரால் இயற்றப்பட்டது. இது வினா விடை வடிவில் அமைந்தது. யூத அறிஞர் ஒருவர் நபிகள் நாயகத்திடம் கேட்கும் கேள்விகளும் அவர் தரும் விடைகளுமாக நூல் நடக்கின்றது. சமயக் கருத்தைப் புதியதாகக் கேட்கும் மக்களுக்குச் சொல்ல இவ்வடிவம் ஏற்றது என்பதை எளிதில் உணரலாம்.

17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணம் இம்மரபின் உச்சமாகும். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என்னும் 3 காண்டங்களில் 5027 விருத்தங்களைக் கொண்டது. கீழக்கரை வள்ளல் சீதக்காதி இம்முயற்சிக்குத் துணை நின்றார். அவர் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவளித்தார். அரேபியாவின் வரலாற்றைப் பாடும் இந்நூல், தமிழ்க் காப்பிய மரபுக்கேற்ப நாட்டுப் படலம், நகரப் படலம் கொண்டு தொடங்குகின்றது. அதில் வரும் மக்கா நகரில் தமிழ் நிலத்தின் நீர்வளம் பெருகுகின்றது. பாலைவன நாட்டில் வயலும் வாய்க்காலும் எவ்வாறு வந்தன என்று பிற்கால வாசகர் வினவலாம். புலவருக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. புனிதமான நகரம் செழிப்பானதாக இருக்க வேண்டும் என்பதும், செழிப்பு என்றால் தமிழருக்கு நீரும் நெல்லுமே என்பதும் அவருக்கு இயல்பாக இருந்தன. புதிய சமய விழுமியத்தை உள்ளூர் அழகியலின் வழியாகக் கொண்டு சேர்த்த இம்முறை, பின்வந்த புலவர்கள் பலருக்கும் வழிகாட்டியது.

சீறாப்புராணத்தைச் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் 1842 இல் அச்சேற்றினார். அச்சின் வருகைக்குப் பின் மாலை, கிஸ்ஸா, முனாஜாத்து, படைப்போர் போன்ற சிறுநூல்கள் பெருகின. வீடுகளிலும் பந்தல்களிலும் இவை இராகத்துடன் ஓதப்பட்டன. பெண்களுக்கு அறிவுரை கூறும் பெண்புத்தி மாலை போன்றவையும் இவற்றுள் அடங்கும். எழுத்தறியாத பெண்களும் கேட்டே மனனம் செய்ததால், இச்சிறுநூல்கள் பெருங்காப்பியத்தினும் ஆழமாக இல்லங்களுக்குள் நுழைந்தன எனலாம்.

மொழி பற்றிய வழக்கு

எந்த மொழியில் சமயத்தைக் கற்பிப்பது என்பதே தமிழ் முசுலிம்களின் பண்பாட்டு வரலாற்றில் நெடுங்காலம் நீடித்த வழக்காகும். இதற்கு முதலில் காணப்பட்ட விடை அரபுத்தமிழ் (அர்வி). தமிழ்ச் சொற்களை அரபு எழுத்துகளில் எழுதும் முறை இது. தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்க அரபு எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இடப்பட்டன. குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்துகளைக் கற்ற சிறுவரும் சிறுமியரும், தமிழ் எழுத்தை அறியாமலேயே தம் தாய்மொழியைப் படிக்க இது வழி செய்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எனப்படும் இமாமுல் அரூஸ் சையிது முகம்மது (1816–1898) இம்முறையில் எழுதியோருள் முதன்மையானவர். தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களிலும் இலங்கையிலும் இவ்வெழுத்து வழங்கியது.

அரபுத்தமிழ் ஒரு சமூகத்தை ஒன்றிணைத்தது. அதே வேளை அச்சமூகத்துக்கும் அயலாருக்கும் இடையே ஒரு சுவரையும் எழுப்பியது. அண்டை வீட்டுக்காரர் எழுதியதை இவர் படிக்க இயலவில்லை. இவர் எழுதியதை அவரும் படிக்க இயலவில்லை. இந்நிலையை மாற்ற முனைந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதழ்களைத் தொடங்கினர். கண்டியில் சித்தி லெப்பை 1882 இல் முஸ்லிம் நேசன் இதழையும், சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887 இல் சிங்கை நேசன் இதழையும் தமிழ் எழுத்தில் வெளியிட்டனர். சித்தி லெப்பை 1885 இல் எழுதிய அசன்பேயுடைய கதை தமிழின் தொடக்ககாலப் புதினங்களுள் ஒன்று.

தமிழகத்தில் இவ்வழக்கைக் கூர்மையாக்கியவர் பா. தாவூத் ஷா (1885–1969). கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் பகுதியைச் சேர்ந்த இவர் கம்பராமாயணத்தில் கொண்டிருந்த புலமைக்காக இராமாயண சாயபு என்றும் அழைக்கப்பட்டார். 1923 இல் இவர் தொடங்கிய தாருல் இஸ்லாம் இதழ் பிழையற்ற தமிழுக்குப் பெயர் பெற்றது. வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பாப் பேருரை மக்களுக்குப் புரியும் தமிழில் நிகழ வேண்டும் என இவர் வாதிட்டார். ஆலிம்கள் பலர் இதை எதிர்த்தனர். குத்பா வழிபாட்டின் ஒரு பகுதி, ஆகவே அரபியிலேயே அமைய வேண்டும் என்பது அவர்கள் நிலை. பல பள்ளிவாசல்களில் இதற்கு ஓர் இடைவழி காணப்பட்டது: முதலில் தமிழில் பயான், அதன் பின் அரபியில் குத்பா. இன்றும் பல ஊர்களில் இவ்வழக்கமே நிலவுகின்றது.

குர்ஆன் மொழிபெயர்ப்பும் இத்தகைய தயக்கத்தைக் கடந்தே வந்தது. ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி மேற்கொண்ட மொழிபெயர்ப்பின் முதற்பகுதி 1929 இலும், முழுமையான நூல் 1949 இலும் வெளிவந்தன. இடைப்பட்ட 20 ஆண்டுகள் ஒரு மனிதரின் உழைப்பை மட்டும் காட்டவில்லை. இறைமறையைத் தமிழில் படிப்பது தகும் என்று சமூகம் இணங்குவதற்கும் காலம் தேவைப்பட்டது. பின்னர் பல மொழிபெயர்ப்புகள் தோன்றின. எம். ஆர். எம். அப்துற்றஹீம் பல தொகுதிகளாகத் தொகுத்த இஸ்லாமியக் கலைக்களஞ்சியமும் தமிழ் வாசகருக்குக் கிடைத்தது.

வட ஆர்க்காட்டுப் பகுதியில் நிலைமை வேறு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, சென்னை ஆகிய இடங்களில் உருது பேசும் முசுலிம்கள் கணிசமாக வாழ்கின்றனர். 2006 இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய போது உருது வழி மாணவர்கள் பாதிக்கப்பட்டனர். மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கு நீதிமன்ற ஆணைகளின் வழியே பல ஆண்டுகள் தமிழ்த்தாளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தமிழைக் காக்கும் கொள்கை ஒரு முசுலிமுக்கு அரணாகவும் மற்றொரு முசுலிமுக்கு நெருக்கடியாகவும் அமைந்தது இங்குக் கவனிக்கத்தக்கது.

கல்வி நிறுவனங்கள்

சமயக் கல்வியில் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக அறியப்பட்டது. இங்குப் பயின்றோர் பாகவி என்னும் பட்டப் பெயரைக் கொள்வர். ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924 இல் தோல் வணிகர் காக்கா முகம்மது உமர் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் மற்றொன்று. கடலூர் மாவட்டத்து லால்பேட்டையில் உள்ள ஜாமிஆ மன்பவுல் அன்வார், காவிரிப் பாசனப் பகுதியின் பள்ளிவாசல்களுக்கு இமாம்களை அளித்து வருகின்றது.

உலகியற் கல்விக்கும் வணிகரே முன்வந்தனர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919 இலும், சென்னை புதுக்கல்லூரியும் திருச்சிராப்பள்ளி ஜமால் முகமது கல்லூரியும் 1951 இலும், அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955 இலும், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியாக் கல்லூரி 1956 இலும் தொடங்கப்பட்டன. இவற்றில் எல்லாச் சமயத்தவரும் பயில்கின்றனர். தோல், வைரம், கப்பல், நூல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்லூரியாக மாற்றிய இத்தலைமுறை, முசுலிம் இளைஞர் பட்டதாரியாக இருப்பதும் ஒரு சமயக் கடமையே என்ற கருத்தைப் பரப்பியது. மதரசாவில் பயின்ற ஆலிமும் கல்லூரியில் பயின்ற பட்டதாரியும் ஒரே வீட்டின் அண்ணனும் தம்பியுமாக இருந்தும் ஒருவர் நூலை மற்றவர் படிக்காத நிலை தொடர்ந்தது. இவ்விடைவெளியை நிரப்ப அரபுக் கல்லூரிகள் பல பிற்காலத்தில் பொதுத் தேர்வுகளுக்கும் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கும் தம் மாணவரை அணியம் செய்யத் தொடங்கின.

இலக்கியத் துறையில் பேராசிரியர் ம. மு. உவைஸ் ஆற்றிய பணி தனியே குறிப்பிடத்தக்கது. இலங்கையின் பாணந்துறைப் பகுதியைச் சேர்ந்த இவர், தமிழுக்கு முசுலிம்கள் ஆற்றிய தொண்டு குறித்து ஆராய்ந்து 1953 இல் நூல் வெளியிட்டார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வுக்குப் பொறுப்பேற்று, பீ. மு. அஜ்மல்கானுடன் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். உலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள் 1973 இல் திருச்சிராப்பள்ளியிலும், 1974 இல் சென்னையிலும், 1978 இல் காயல்பட்டினத்திலும், 1979 இல் கொழும்பிலும், 1990 இல் கீழக்கரையிலும் கூடின. இவற்றின் பயனாக வீட்டுப் பெட்டிகளில் கிடந்த ஏடுகளும் பழைய பதிப்புகளும் வெளிவந்தன. தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு பத்தியாக இருந்த பொருள் ஒரு துறையாயிற்று.

அரசும் சட்டமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் நீதித்துறை அலுவலர்களாக இருந்த காழிகளின் பதவி 1864 இல் நீக்கப்பட்டது. முசுலிம்களின் வேண்டுகோளுக்கிணங்க 1880 இல் காழிகள் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் காழியை நியமிக்க வழி செய்ததே ஒழிய, அவருக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் தரவில்லை. திருமணத்துக்குக் காழி வந்தே ஆக வேண்டும் என்றும் கூறவில்லை. இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கு 1951 ஆம் ஆண்டின் முசுலிம் விவாக விவாகரத்துச் சட்டம் காதி நீதிமன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது. பெண்கள் காதியாக நியமிக்கப்பட இயலாமை, மணவயது ஆகியன குறித்து அங்கு நடைபெறும் சீர்திருத்த வாதங்கள் நீண்டவை. 2009 இல் அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை 2018 இலேயே அளிக்கப்பட்டது. ஒரே மொழி பேசும் இரு முசுலிம் சமூகங்கள் பாக்குநீரிணையின் இரு கரைகளில் வெவ்வேறு குடும்ப வழக்காற்றைப் பெற்றதற்கு அரசுகளின் இம்முடிவுகளே காரணம்.

சொத்துரிமையில் நடந்த மாற்றம் அதிகம் பேசப்படாதது. ஆனால் முதன்மையானது. 1937 ஆம் ஆண்டின் முசுலிம் தனியாள் சட்ட (ஷரீஅத்) அமலாக்கச் சட்டம், உள்ளூர் வழக்கத்தை விலக்கி ஷரீஅத் விதியை நடைமுறைப்படுத்தியது. ஷரீஅத்தின்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதி உண்டு. ஆனால் வேளாண் நிலம் இச்சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. உழவுத் தொழில் செய்யும் குடும்பத்தில் நிலத்தைத் தவிர வேறு சொத்து என்ன இருக்கும்? சென்னை மாகாண அரசு 1949 இல் ஒரு திருத்தத்தின் மூலம் வேளாண் நிலத்தையும் சேர்த்தது. இதன் பயனாகத் தமிழ்நாட்டு முசுலிம் பெண்கள் சட்டத்தின்படி வயலிலும் பங்கு பெறும் உரிமை அடைந்தனர். உரிமை ஏட்டில் இருந்தபோதும் சகோதரனுக்கு விட்டுக்கொடுக்குமாறு குடும்பம் வற்புறுத்துவது வேறு சமூகங்களைப் போலவே இங்கும் நிகழ்கின்றது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் வீட்டை மகளுக்கே அளிக்கும் வழக்கம் முன்பே இருந்தமையால், அங்குப் பெண்ணின் நிலை உள்நாட்டு ஊர்களினும் சற்று வலுவாக இருந்தது.

அரசியல் நிர்ணய மன்றத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மு. முகம்மது இஸ்மாயில் (1896–1972) இப்பொருள் பற்றிப் பேசினார். 1948 நவம்பரில், பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவில், எந்தச் சமூகமும் தன் தனியாள் சட்டத்தைக் கைவிடுமாறு வற்புறுத்தப்படக் கூடாது என்னும் திருத்தத்தை முன்மொழிந்தார்; அது ஏற்கப்படவில்லை. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார். சமயச் சட்டத்தையும் தாய்மொழியையும் ஒருவரே ஒரே மன்றத்தில் வாதிட்டது, தமிழ் முசுலிம்களின் இரட்டைப் பற்றை நன்கு காட்டுகின்றது.

விடுதலைக்குப் பின் மாநில அரசின் பங்கு படிப்படியாகக் கூடியது. 1954 ஆம் ஆண்டின் மத்திய வக்ஃபுச் சட்டத்தின்படி 1958 இல் சென்னை மாநில வக்ஃபு வாரியம் அமைந்தது. கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017) பிற்காலத்தில் இதன் தலைவராகப் பணியாற்றினார். கவிஞர் ஒருவர் பள்ளிவாசல் நிலங்களின் குத்தகைக் கணக்கைப் பார்த்த அரிய நிகழ்வு இது. 2001 முதல் இரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி வழங்கி வருகின்றது. 2007 இல் பிற்படுத்தப்பட்ட முசுலிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் எட்டயபுரத்தில் உமறுப் புலவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2009 இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் அமைந்தது. நாடாளுமன்றம் 2025 இல் நிறைவேற்றிய வக்ஃபுத் திருத்தச் சட்டம் வாரியங்களில் முசுலிமல்லாதாரைச் சேர்த்தல் முதலிய மாற்றங்களைக் கொண்டு வந்தது. அதன் சில பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் இடைக்காலமாக நிறுத்தி வைத்தது.

சிங்கப்பூருடன் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். அங்கு 1968 இல் அமைக்கப்பட்ட இசுலாமிய சமய மன்றம் வெள்ளிக்கிழமைப் பேருரையையே எழுதி அனுப்புகின்றது. தமிழ்நாட்டு அரசு கஞ்சிக்கு அரிசி தருகின்றது. மிம்பரில் என்ன பேசப்பட வேண்டும் என்று சொல்வதில்லை. அதை முடிவு செய்வது ஊர் ஜமாஅத்தும் இமாமுமே.

தர்காவும் தூய்மைவாதமும்

நாகூர் தர்கா தமிழ் முசுலிம் பண்பாட்டின் மற்றொரு முகம். அதன் மினாராக்களுள் மிக உயரமானதைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்தார். கந்தூரி விழாவில் எல்லாச் சமயத்தவரும் பங்கேற்கின்றனர். நாகூர் குலாம் காதிறு நாவலர் முதல் பாடகர் நாகூர் ஈ. எம். ஹனிபா (1925–2015) வரை இவ்வூர் தமிழுக்கு அளித்த கலைஞர் பலர்.

1973 க்குப் பின் வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்புப் பெருகியது. அங்குச் சென்று திரும்பியோர் பணத்துடன் புதிய சமய நோக்கையும் கொண்டு வந்தனர். 1980கள் முதல் ஏகத்துவப் பிரச்சாரம் வலுப்பெற்றது. 2004 இல் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் உருவானது. தர்கா வழிபாடு, தாயத்து, மவ்லிது ஓதுதல் ஆகியவற்றை இவ்வியக்கம் மறுத்தது. வரதட்சணை வாங்கும் திருமணங்களையும் கண்டித்து, மணமகனே மஹர் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. இவ்வியக்கத்தின் பரப்புரை எளிய தமிழில் அமைந்தது. குத்பாவைத் தமிழாக்க வேண்டும் என்ற தாவூத் ஷாவின் பழைய கோரிக்கை, அவர் எண்ணியிராத ஒரு திசையிலிருந்து நிறைவேறியது எனலாம். மறுபுறம், மாலைகளும் கிஸ்ஸாக்களும் ஓதும் குரல்கள் வீடுகளில் குறைந்தன. கடற்கரை ஊர்ப் பெண்கள் அணிந்த வெள்ளைத் துப்பட்டியின் இடத்தைக் கறுப்பு அங்கி பிடித்தது. இதைச் சீர்திருத்தம் என்பாரும் இழப்பு என்பாரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர்.

பெண்கள்

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) 1938 இல் காதலா கடமையா என்னும் புதினத்தை வெளியிட்டார். உ. வே. சாமிநாதையர் அதற்கு அணிந்துரை அளித்தார். முசுலிம் பெண் கதை எழுதுவதா என்னும் எதிர்ப்பு அக்காலத்தில் எழுந்தது. சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீது 1955 இல் நிறுவிய மகளிர் கல்லூரி, பெண்களின் உயர்கல்விக்குப் பெருந்துணையாயிற்று.

தோப்பில் முகம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை (1988), ஆங்கிலப் பள்ளியை எதிர்க்கும் ஊர் முதலாளியின் வீழ்ச்சியைக் காட்டியது. அவருடைய சாய்வு நாற்காலி 1997 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதை (2004), பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் சிறுமியரின் வீட்டுக்குள் வாசகரை அழைத்துச் சென்றது. கொள்கை அறிக்கைகளில் பெண் கல்வி என்று ஒரு வரியில் முடிவது, இப்புதினத்தில் அடைத்த கதவாகவும் மாடிச் சன்னலாகவும் விரிகின்றது.

புதுக்கோட்டையில் தா. ஷரீபா கானம் 2000களின் தொடக்கத்தில் முசுலிம் பெண்களுக்கென ஒரு ஜமாஅத்தை அமைத்தார். ஊர் ஜமாஅத்துகளில் பெண்களுக்கு இடமில்லாத நிலையில், மணவிலக்கும் வரதட்சணையும் பற்றிய முடிவுகளை ஆண்கள் மட்டுமே எடுக்கின்றனர் என்பது இவர்களின் குற்றச்சாட்டு. தனியாள் சட்டத்தில் தலையிட வெளியாருக்கு உரிமை உண்டா என்ற எதிர்வினாவும் எழுந்தது. முத்தலாக்கை உறுதி செய்து காழிகள் வழங்கும் சான்றிதழை எதிர்த்து வழக்கறிஞர் பதர் சயீது தொடுத்த வழக்கில், அத்தகைய சான்றிதழ் கருத்துரை மட்டுமே, சட்ட வலிமை அற்றது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2017 சனவரியில் கூறியது. 1880 ஆம் ஆண்டின் சட்டத்தில் எழுதியிருந்ததே 137 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சொல்லப்பட்டது. அதே ஆண்டு ஆகத்து 22 அன்று உச்ச நீதிமன்றம் உடனடி முத்தலாக்கைச் செல்லாது என அறிவித்தது. 2019 இல் நாடாளுமன்றம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தலாக்கைத் தடுப்பதை வரவேற்றவர்களுள்ளும் சிலர், கணவன் சிறை சென்றால் மனைவிக்கு வாழ்க்கைப் பொருள் தருபவர் யார் என்று வினவினர்.

விருத்தாசலமும் சுற்றுப்புறமும்

மேற்கூறிய அனைத்தும் ஒரு சிறுநகரத்தில் எவ்வாறு ஒன்று கூடுகின்றன என்பதை அறியக் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பகுதி ஏற்றது. விருத்தகிரீசுவரர் கோயிலாலும் பீங்கான் தொழிலாலும் அறியப்படும் ஊர் இது. இங்குள்ள அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் பீங்கான் தொழிற்பேட்டையும் நெய்வேலிப் பகுதிக் களிமண்ணை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தவை. முசுலிம்கள் இந்நகரில் சிறுபான்மையினர். அண்மையில் உள்ள மங்கலம்பேட்டையில் அவர்கள் மிகுதி. வடகிழக்கே நெல்லிக்குப்பமும், தென்கிழக்கே வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பெயர் பெற்ற லால்பேட்டையும், கிழக்கே மஹ்மூது பந்தர் என முன்னர் வழங்கிய பரங்கிப்பேட்டையும் உள்ளன.

இப்பகுதியில் வளரும் முசுலிம் சிறுவன் அல்லது சிறுமி காலையில் மதரசாவில் அரபு எழுத்துகளைக் கூட்டி ஓதுகின்றார். அங்கு அரபுத்தமிழ் இப்போது கற்பிக்கப்படுவது அரிது. பின் அரசுப் பள்ளிக்குச் சென்று தமிழ்ப் பாடநூலில் திருக்குறளுடன் சீறாப்புராணத்தையும் பயில்கின்றார். மாலையில் வளைகுடாவில் இருக்கும் தந்தையுடன் கைப்பேசியில் பேசுகின்றார். அதே கைப்பேசியில் உலகின் எந்தப் பகுதியிலிருந்தும் ஒரு சமயச் சொற்பொழிவு வந்து சேர்கின்றது. முற்காலத்தில் ஊர் இமாம், தாய், பாட்டி ஆகியோரிடம் மட்டும் இருந்த கற்பிக்கும் அதிகாரம் இவ்வாறு பலர் கைக்குச் சென்றுவிட்டது. பரங்கிப்பேட்டை வணிகர் ஒருவரின் ஆதரவில் உருவான காப்பியத்தை, அங்கிருந்து சில மணி நேரத் தொலைவில் உள்ள வகுப்பறையில் முசுலிம் மாணவருக்கு விளக்குபவர் பெரும்பாலும் முசுலிமல்லாத தமிழாசிரியரே. விலாதத்து, நுபுவ்வத்து என்னும் சொற்களின் ஒலிப்பை அவர் மாணவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள நேர்வதும் உண்டு.